கரையடி ஈரம்

ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போகாம இருந்தவ இல்ல நான். ஆனா போன கோடை முழுக்க, பரலோக மந்திரத்துல அந்த மன்னிக்கிற வரி வரும் பாருங்க, அங்க மட்டும் வாயை இறுக்கி மூடிக்குவேன். கோயிலே ஒரே குரலாச் சொல்லும், நான் சொல்ல மாட்டேன். பக்கத்துல நிக்கிற என் வீட்டுக்காரர் முழங்கையால இடிப்பார். “இடிக்காதீங்க. மனசுல இல்லாததை ஆண்டவர்கிட்ட எப்படிச் சொல்றது?”ன்னு அங்கயே முணுமுணுப்பேன். முன் பெஞ்சுக்காரங்க திரும்பிப் பார்ப்பாங்க. பார்த்தா பார்க்கட்டும்னு நிப்பேன்.

நான் மன்னிக்காத ஆள் ஒருத்தர்தான். ஏரிக்கு அந்தப் பக்கம் நிக்கிற பெரிய அபார்ட்மென்ட்டோட சங்கத் தலைவர். நல்ல மனுஷர்னு ஊரே சொல்லும். நல்ல மனுஷங்க செய்யற கெடுதலுக்குத்தான் மருந்தே இல்ல.

நாங்க ஏரிக்கரைக்குக் கீழே செடி நர்சரி வச்சிருக்கோம். என் வீட்டுக்காரர் பீன்யாவுல ஒரு பேக்டரியில லேத் ஓட்டினவர். பேக்டரியை மூடினதும் கையில வந்த பணத்தை வச்சு இந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். “இரும்பு கடைஞ்ச கை, செடி நட்டா முளைக்குமா?”ன்னு நான் கேலி பண்ணினேன். முளைச்சுது. ரோஜா, செம்பருத்தி, எலுமிச்சை, கறிவேப்பிலைன்னு ஆரம்பிச்சு, பெங்களூர்ல பால்கனி வச்சவங்க எல்லாம் தேடி வர்ற அளவுக்கு வளர்ந்தோம். அதுக்கெல்லாம் காரணம் எங்க கிணறு. அந்தப் பக்கத்துல ஆயிரம் அடி போர் போட்டும் புகை வர்ற காலத்துல, எங்க கிணத்துல வாளியைக் கையால இறக்கி மொண்டோம்னா யாரும் நம்ப மாட்டாங்க.

அந்த ஏரி தனி ஏரி இல்ல. மேல ஒரு ஏரி இருக்கு, அது நிரம்பினா கால்வாய் வழியா எங்க ஏரிக்கு வரும். எங்க ஏரி நிரம்பினா கோடியில, அதான் கலிங்குல, வழிஞ்சு, கீழே கீரை போடறவங்க நிலத்தைத் தாண்டி அடுத்த ஏரிக்குப் போகும். கரைக்கு அடியில, நாங்க இருக்கிற பக்கம், எப்பவும் ஒரு ஈரம் இருக்கும். புல்லு பச்சையா நிக்கும். கையால பள்ளம் பண்ணினா தெளிவாத் தண்ணி ஊறும். என் வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு அதுலதான் முகம் கழுவுவார். “ஏரிக்கு வேர்க்குது”ம்பார். அந்த ஈரத்துக்கும் எங்க கிணத்துக்கும் என்ன உறவுன்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இருக்கிற வரைக்கும் யார் யோசிக்கிறா?

கிணத்து ஓரத்துல ஒரு பன்னீர்ப் பழ மரம் நின்னுச்சு. கடிச்சா ரோஜாப்பூ வாசனை வரும், பழைய பெங்களூர் வீடுகள்ல நிறைய இருந்த மரம். இது மர்பி டவுன்ல எங்கம்மா வீட்டுக் கொல்லையில இருந்த மரத்தோட பதியம். அந்த வீட்டை அண்ணன்மாருங்க வித்தப்ப எனக்குன்னு கேட்டு வாங்கினது அது ஒண்ணுதான். பங்கு கேப்பேன்னு பயந்துகிட்டிருந்தவங்க, மரத்துல ஒரு கிளை போதும்னதும் தாராளமா எடுத்துக்கச் சொன்னாங்க. அந்த மரத்துக்குக் கால் எப்பவும் ஈரத்துல இருக்கணும். கிணத்து ஓரத்துல நட்டது அதுக்காகத்தான். வருஷா வருஷம் அதுலருந்து பதியம் போட்டுக் கன்னு விப்போம். எங்க நர்சரிக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். எல்லாத்துக்கும் அது தாய் மரம்.

சங்கத் தலைவரும் ஒரு கன்னு வாங்கிட்டுப் போயிருக்கார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பையனுக்கு ஐ.டி. வேலை, அதனால ரிட்டயர் ஆனதும் இங்க வந்து தங்கிட்டார். காலையில வெள்ளை ஷூ போட்டுக்கிட்டு ஏரியைச் சுத்தி நடப்பார். குப்பையைப் பார்த்தா குனிஞ்சு பொறுக்குவார். ஏரியில ஆகாயத்தாமரையை எடுக்க ஆள் சேர்த்தார், கரைமேல நடைபாதை போட வச்சார். எனக்கும் அவரைப் பிடிக்கும், பொய் சொல்லக் கூடாது. அந்தக் கன்னை வாங்கும்போது இலையைக் கசக்கி மோந்து பார்த்துட்டு, “கல்யாண வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கும்மா”ன்னு சிரிச்சார். அபார்ட்மென்ட் தோட்டத்துல தானே குழி தோண்டி நட்டாராம்.

அப்புறம் ஒரு மழைக்காலம். ஏரி தளும்பி நின்னுச்சு. அவர் கரையில நடந்து வந்தவர், எங்க பக்கம் எட்டிப் பார்த்திருக்கார். கரையடி ஈரம் கண்ணுல பட்டுது. அவ்வளவுதான், மனுஷனுக்கு முகம் வெளுத்துப் போச்சு. ஷூவோட சரிவுல இறங்கி ஓடி வந்தார். “ஏம்மா, எத்தனை நாளா இப்படிக் கசியுது? கரை உடைஞ்சா முதல்ல போறது நீங்கதான்மா!” அவர் குரல்ல இருந்த பயம் எனக்கும் ஒட்டிக்கிச்சு. மேல அவ்வளவு தண்ணி, கீழே நாங்க. அவர் ஊர்ல ஆத்துல வெள்ளம் வந்தா ஊரே கரையில காவல் நிக்குமாம். கசிவு கண்ட இடத்துல வைக்கோலும் மண்மூட்டையுமா ஓடுவாங்களாம். அப்படி ஒரு கசிவைக் கவனிக்காம விட்டு, அவங்க தெருவே ஒரு வருஷம் தண்ணியில போனதை எங்க நர்சரி ஸ்டூல்ல உக்காந்து சொன்னார். என் வீட்டுக்காரர் பயந்து போய்க் கரையைப் பார்த்துக்கிட்டே இருந்தார்.

அதுக்கப்புறம் அலைஞ்சார் பாருங்க! ஆபீஸ் ஆபீஸா ஏறி அனுமதி வாங்கினார். அபார்ட்மென்ட்காரங்ககிட்ட வசூல் பண்ணினார். கரைக்கு உள்பக்கம் மண்மூட்டை அடுக்கித் தண்ணியை ஒதுக்கி, நீளத்துக்குப் பள்ளம் தோண்டி, கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு, களிமண் இடிச்சு, மேல சிமெண்ட் பூசிட்டாங்க. சொட்டிக்கிட்டிருந்த பழைய மதகையும் சேர்த்து அடைச்சாச்சு. வேலை முடிஞ்ச அன்னைக்குச் சின்னதா ஒரு விழா. எங்களையும் கூப்பிட்டாங்க. அவர் தன் கையால எனக்கு மைசூர்பாகு கொடுத்து, “இனிமே நிம்மதியாத் தூங்கலாம்மா”ன்னார். நான் ரெண்டு கையும் கூப்பி நன்றி சொன்னேன். அந்த மைசூர்பாகை நெனச்சா இன்னைக்கும் எனக்குத் தொண்டையில கசக்குது.

ரெண்டு மாசத்துல கரையடியில புல்லு மஞ்சளாச்சு. கிறிஸ்மஸ் கழிஞ்சு கிணத்துக் கயித்தை நீட்டிக் கட்டினோம். அப்புறம் இன்னொரு தரம் நீட்டினோம். வழக்கமா மாசி பங்குனியிலகூட முதல் படி தெரியாது எங்க கிணத்துல. அந்த வருஷம் அடிப்படி வரைக்கும் தெரிஞ்சுது. ஒருநாள் வாளி ‘டங்’குனு பாறையில மோதின சத்தம் கேட்டு, செடிக்கு உரம் வச்சுக்கிட்டிருந்த நான் அப்படியே எழுந்து நின்னுட்டேன். என் வீட்டுக்காரர் கிணத்தைப் பார்க்காம கரையைப் பார்த்தார். “வேர்வை நின்னு போச்சு, பார்த்தியா?”ன்னார். அப்பத்தான் ரெண்டு பேருக்கும் உறைச்சுது.

மேல ஏறிப் போனா ஏரி நிறைஞ்சு நிக்குது! கோடை வெயில்ல, பளபளன்னு, வாத்து நீந்திக்கிட்டு. நடைபாதையில ஆளுங்க நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க. கீழே என் செடிங்க நாக்குத் தள்ளிக் கிடக்குது. வயிறு பத்தி எரிஞ்சுது எனக்கு. நேரா அபார்ட்மென்ட் கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி உக்காந்த இடத்துலருந்தே, எந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தீங்கன்னு கேட்டான். “ஒரு வீட்டுக்கு இல்லப்பா, எல்லா வீட்டையும் கழுவி ஊத்த வந்திருக்கேன்”னேன். தலைவர் வந்தார். பொறுமையாக் கேட்டார், அதுதான் இன்னும் எரிச்சல். “பெங்களூரே வறண்டு கிடக்குதேம்மா, எல்லாக் கிணறும்தான் வத்துது. கரையைத் திறக்கச் சொல்றீங்களே, நாளைக்கு உடைஞ்சா யார் பதில் சொல்றது? நீங்க வேணா ஒரு போர் போட்டுக்கங்க”ன்னார். உயிரைக் காப்பாத்தினவங்கிட்டயே சண்டைக்கு வந்திருக்காளேன்னு ஒரு வருத்தம் அவர் முகத்துல. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்கு வருத்தம் வேற!

அன்னைக்குத் திரும்பி வந்து, கரையடியில காஞ்ச மண்ணை ரெண்டு கையாலயும் அள்ளி, அந்த அபார்ட்மென்ட் டவர் இருக்கிற திசையைப் பார்த்து வாரித் தூத்தினேன். “என் கிணத்தைக் காய வச்சவனுங்க தொண்டை காஞ்சு நிக்கணும்! ஒரு சொட்டுத் தண்ணிக்கு என் வாசல்ல வந்து நிக்கணும்!” என் வீட்டுக்காரர் பதறிப் போனார். “கிறிஸ்தவ வீட்டுப் பொம்பளை மண்ணை வாரித் தூத்தலாமா?”ன்னார். “மண்ணுக்கு என்ன மதம் இருக்கு? கையில ஈரமா ஒரு பிடி கிடைச்சிருந்தா தூத்தியிருக்க மாட்டேன்”னேன். அந்த வாரத்துலருந்துதான் கோயில்ல வாயை மூடினது. அபார்ட்மென்ட்காரங்க யார் செடி கேட்டு வந்தாலும் விக்கிறதில்லன்னு அனுப்பிட்டேன். வித்தா காசு வரும், தெரியும். அந்தக் காசை அடுப்புல வச்சாலும் எனக்குப் பச்சைத் தண்ணி கொதிக்காது.

பக்கத்து சைட்டுல ஒரு டேங்கர்காரர் போர்வெல் வச்சிருந்தார். கன்னடக்காரர், எங்களோட தமிழ்ல பேசுவார், நடுநடுவே கன்னடம் விழும். அவர்கிட்டருந்து டிரம் டிரம்மாத் தண்ணி வாங்கினோம். அது ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் எட்டுச்சு. பன்னீர் மரத்துக்கு எட்டல. அதுக்கு வேணும்கிறது குடத்துத் தண்ணி இல்லியே, அடி ஈரம். முதல்ல நுனி கருகுச்சு. அப்புறம் இலையெல்லாம் ஒரே வாரத்துல கொட்டி, பிஞ்சோட நின்னுச்சு. என் வீட்டுக்காரர் தினமும் காலையில போய் நகத்தால பட்டையைக் கீறிப் பார்ப்பார், உள்ள பச்சை இருக்கான்னு. நுனிக் கிளையில ஆரம்பிச்சு நாளுக்கு நாள் கீழே வந்தார். கடைசியில ஒருநாள் அடிமரத்துல கீறிட்டு, விரலைத் துடைச்சுக்கிட்டு, உள்ள போய்ப் படுத்துட்டார். நான் போய்ப் பார்த்தேன், உள்ள பழுப்பு. கட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். எங்கம்மா செத்தப்பகூட அப்படி அழல நான்.

இனிமே பழிதான்னு முடிவு பண்ணினேன். கடப்பாரையை எடுத்துக்கிட்டுப் போய் அந்த சிமெண்டைக் குத்திக் கிழிச்சிரலாம்னு கிளம்பினேன். என் வீட்டுக்காரர் கடப்பாரையோட மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டு விடல. “நீ குத்தினா ஜெயிலுக்குப் போவே. நாலு நாள்ல அவங்க மறுபடி பூசிருவாங்க. உக்காரு”ன்னார். ரெண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடிச்சுக்கிட்டு வெயில்ல நின்னோம். எனக்குத்தான் முதல்ல கை வலிச்சுது.

ஆனா பாருங்க, கெடுவான் கேடு நினைப்பான்னு சும்மாவா சொன்னாங்க. சித்திரை வெயில்ல ஒருநாள் டேங்கர்காரர் மோட்டாரைப் போட்டார், சேறா ரெண்டு தரம் துப்பிட்டு நின்னுடுச்சு. தலையில கை வச்சுக்கிட்டு எங்க வேலியோரம் வந்தார். “நீரில்லா அக்கா. பூரா ஹோயித்து”ன்னார். எத்தனையோ வருஷமா வத்தாத போர். நான், “உங்க டேங்கர் எந்த ஊருக்குங்க போகும்?”னு கேட்டேன். “பேரே எல்லி, வேற எங்க அக்கா? அந்த அபார்ட்மென்ட்டுக்குத்தான். அவங்க போர்வெல் எப்பவோ போச்சு”ன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சத்தம் போட்டுச் சிரிச்சேன். அவங்க அடைச்சு வச்சது எங்க கிணத்தை மட்டும் இல்ல, அவங்க ஷவர்ல கொட்டற தண்ணியையும்தான்! ஏரியில நிக்கிறது எல்லாக் கழிவும் கலந்த தண்ணி, அதை அப்படியே மொண்டு குளிக்க முடியாது. கரைக்கு அடியில மண்ணுக்குள்ள மெதுவா இறங்கி வந்தாத்தான் அது தண்ணி. அது வர்ற வழியை அடைச்சுட்டு, வாத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. டேங்கர்காரருக்கு என் சிரிப்பு புரியல. பாவம், அவர் பொழப்பும்தான் போச்சு. அப்புறம் அவருக்கு மோர் கரைச்சுக் கொடுத்தேன்.

அந்த வாரத்துலயே தலைவர் வந்தார். என் வாசல்ல! டேங்கர்காரர்தான் கூட்டிக்கிட்டு வந்தார், போரைக் காட்ட. வெள்ளை ஷூ அழுக்காயிருந்துச்சு. சவரம் பண்ணல. மூணு நாளா டவர்ல தண்ணி இல்லையாம், பேரப்பிள்ளைங்களை ஊருக்கு அனுப்பிட்டாங்களாம். நான் கேட்டுக்கு நடுவுல நின்னுக்கிட்டேன். எத்தனை ராத்திரி இதை நெனச்சுத் தூங்கியிருக்கேன்! என்னென்ன சொல்லணும்னு வரிசையா வச்சிருந்தேன். எல்லாம் மறந்து போச்சு. அவர் கையெடுத்துக் கும்பிட்டுட்டு, என்னைத் தாண்டி மெதுவாக் கிணத்துக்கிட்ட போனார்.

குனிஞ்சு பார்த்தார். அடியில சேறு காஞ்சு வெடிச்சுக் கிடந்துச்சு. “இது எப்பம்மா வத்துச்சு?”

“நீங்க மைசூர்பாகு கொடுத்ததுக்கு அப்புறம்”னேன்.

அவர் டேங்கர்காரரைப் பார்த்தார். அவரும், “ஹவ்து சார், நம்மளோடதும் அப்பத்துலருந்துதான் இறங்குச்சு”ன்னார். தலைவர் கரையடிக்குப் போய் ஷூவால அழுத்திப் பார்த்தார். புழுதி எழும்புச்சு. அப்புறம் திரும்பி, ஒரு மாதிரியான குரல்ல கேட்டார். “ஏம்மா, இங்க ஊறின தண்ணி கலங்கலா வந்துச்சா, தெளிவா வந்துச்சா?”

“தெளிவா. இவர் அதுலதான் முகம் கழுவுவார்.”

அவர் வந்து கிணத்துச் சுவர்ல உக்காந்துட்டார். “கலங்கலா வந்தாத்தான் கரை அரிக்குதுன்னு அர்த்தம். தெளிவா வந்தா பயமில்ல. எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் அதைப் பார்க்கவே இல்லம்மா. ஈரத்தைக் கண்டதும் அந்த வெள்ளம்தான் கண்ணுக்கு வந்துச்சு. ஓடினேன்.” அப்புறம் யாருக்குன்னு இல்லாம சொன்னார். “நாங்க கடைமடை. வாய்க்கால் முடியற இடம். மேல இருக்கிறவங்க எல்லாம் பாய்ச்சி மிஞ்சினாத்தான் எங்களுக்குத் தண்ணி. அப்பா போய் மதகுல உக்காந்துக்குவார். நாத்து கண்ணு முன்னாடி கருகும். மேல இருக்கிற பாவி, நீ நல்லா இருப்பியான்னு திட்டிக்கிட்டே உக்காந்திருப்பார்.”

நான் வரிசையா வச்சிருந்தது எதுவும் தேவைப்படல. “உங்கப்பா திட்டினது உங்களைத்தான் சார்”னேன். “கொஞ்சம் முன்னாடியே திட்டிட்டார்.”

மனுஷன் தலை கவுந்துடுச்சு. டேங்கர்காரர் செருப்பைப் பார்த்துக்கிட்டு நின்னார். என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? உள்ள போய் ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வந்து நீட்டினார். உப்புத் தின்னவன் தண்ணி குடிக்கத்தான் வேணும், அதுக்காக நம்ம வீட்டுத் தண்ணியையான்னு எனக்கு ஆத்திரம். தலைவர் டம்ளரை வாங்கினார், குடிக்கல. பக்கத்துல வாடிக் கிடந்த ரோஜாத் தொட்டியில ஊத்திட்டு, டம்ளரைக் கிணத்துச் சுவர்ல வச்சுட்டு எழுந்து போனார். அவர் போன வழியைப் பார்த்துக்கிட்டே நின்னேன். இனிச்சுது. பொய் சொல்லக் கூடாது, ரொம்ப இனிச்சுது.

அடுத்த ஞாயிறு அபார்ட்மென்ட் கூட்டத்துக்கு என்னை அவரே வந்து கூட்டிக்கிட்டுப் போனார். அதே செக்யூரிட்டி எழுந்து நின்னான். உள்ள ஏ.சி. ஓடுது, பாத்ரூம்ல தண்ணி இல்ல, வாசனை சொல்லுச்சு. ஷீட்டை வெட்டி மதகைத் திறக்கணும்னு தலைவர் சொன்னதும் ஒரே சத்தம். ஏரி இறங்கிடுமே, சேறு தெரியுமே, வீட்டு மதிப்பு என்ன ஆகுறதுன்னு ஆளாளுக்குக் கத்தினாங்க. ஒரு அம்மா மட்டும் தமிழ்ல, “அப்ப ஏரி அசிங்கமா இருக்குமே?”ன்னு என்னைக் கேட்டாங்க. “மூணு நாள் குளிக்காம இருந்தா நீங்களும் அப்படித்தான் இருப்பீங்க”ன்னேன். அப்புறம் யாரோ சிரிச்சாங்க, அதுல எல்லாரும் வழிக்கு வந்தாங்க.

நான் சும்மா விடல. மதகைத் திறக்கறதும் மூடறதும் இனிமே ஒருத்தர் இஷ்டம் இல்ல. மேல அபார்ட்மென்ட், நடுவுல நாங்களும் டேங்கர்காரரும், கீழே கீரைக்காரங்க, எல்லாரும் உக்காந்து பேசித்தான். எங்க கிணத்துல படி தெரிஞ்சா டேங்கர்காரர் அன்னைக்கே லோடு நிறுத்திடணும். அவர் முகம் சுளிச்சார், ஆனா செத்த போரை ஒருதரம் பார்த்தவர், ஒத்துக்கிட்டார். கீரைக்காரங்க எங்களைவிடக் கேடு. அத்தனை வருஷமா கோடியில குப்பை போட்டு அடைச்சு, அவங்களுக்கு வர்ற தண்ணியை நிறுத்தினது நாங்கதான்னு என்கிட்டயே சண்டை போட்டாங்க. சரின்னு கேட்டுக்கிட்டேன், வேற என்ன செய்ய? கடைசியா, கால்வாய் தூர் எடுக்க வீட்டுக்கு ஒரு ஆள் வரணும்னேன். டிரைவர் இல்ல, வேலைக்காரம்மா இல்ல, வீட்டு ஆளே வரணும். “குடிமராமத்து”ன்னு தலைவர் மெதுவாச் சொன்னார். அவர் ஊர்ல அதுக்கு அப்படிப் பேராம்.

அந்தச் சனிக்கிழமையை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். கரைமேல நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டேன். கம்ப்யூட்டர் தட்டின கையெல்லாம் மம்மட்டி பிடிச்சுது. அரை டிராயர்ல சேறு, முகத்துல சேறு. அவங்க சமையல்கட்டுலருந்து வந்த கவரும் டப்பாவும்தான் கால்வாயில கிடந்துச்சு, அவங்க கையாலயே வாரினாங்க. தலைவர் எல்லாருக்கும் முன்னாடி இடுப்பளவு இறங்கி நின்னார். ஷீட்டை முதல்ல வெட்டினதும் அவர்தான். “போதும்ப்பா, அவருக்கு வயசாச்சு, மேல வரச் சொல்லு”ன்னு என் வீட்டுக்காரர் என்கிட்ட சொல்றார், நான் ஏதோ மேஸ்திரி மாதிரி. “நாம வறண்டு கிடந்தப்ப அவர் வயசு குறைஞ்சா இருந்துச்சு?”ன்னேன். என் வீட்டுக்காரரே போய்த் தலைவர்கிட்டருந்து மம்மட்டியை வாங்கிக்கிட்டார்.

கொஞ்ச நாள்ல ஏரி ஒரு படி இறங்குச்சு. கரையடியில கறுப்பா ஒரு திட்டு தெரிஞ்சுது. அப்புறம் கிணத்து அடியில, அந்த வெடிப்புக்கு நடுவுல, பளிச்சுனு ஒரு உள்ளங்கை அகலம். வாளி பாறையில மோதல. என் வீட்டுக்காரர் கரையடியில பள்ளம் பண்ணி முகம் கழுவிட்டு, ஈரத் தலையோட வந்து கேட்டார். “தீர்ந்துதா இப்பவாவது?”

“இல்ல”ன்னேன். அந்த ஞாயித்துக்கிழமையும் அந்த வரிக்கு வாயை மூடிக்கிட்டுத்தான் நின்னேன். கிணறு வந்துச்சு, எங்கம்மா வீட்டு மரம் வரல. தண்ணி வந்து அதோட காலைத் தொட்டப்ப அது வெறும் விறகு. கிணத்துக்கு மேல பட்டுப் போன கிளை நிழல் விழறதைப் பார்க்கும்போதெல்லாம் மறுபடி முதல்லருந்து எரியும்.

என் வீட்டுக்காரர் துண்டால தலையைத் துடைச்சுக்கிட்டே, “மேல ஒண்ணு இருக்கேடி”ன்னார். எனக்குச் சுரீர்னுச்சு. அந்த ஆள் வாங்கிட்டுப் போன கன்னு! அவங்களுக்கு வித்த எதையும் நினைக்கக் கூடாதுன்னு இருந்ததுல அதையும் மறந்துட்டிருக்கேன். மத்தவங்களுக்கு வித்த கன்னெல்லாம் எந்த வீட்டுல, எந்தத் தொட்டியில இருக்கோ, யாருக்குத் தெரியும்? பதியக் கத்தி, தேங்காய் நார், பிளாஸ்டிக் பேப்பர், சணல், ஒரு பாட்டில்ல எங்க கிணத்துத் தண்ணி, எல்லாத்தையும் பையில போட்டுக்கிட்டு அப்பவே ஏறிப் போனேன்.

மரம் எப்படி நின்னுச்சு தெரியுமா? ரெண்டு ஆள் உசரம். இலை எண்ணெய் தேய்ச்ச மாதிரி. பழம் மஞ்சளாப் பழுத்துத் தரையெல்லாம் கிடக்குது, அந்த ரோஜா வாசனை கேட்டு வரைக்கும் வருது. காலடியில சொட்டுநீர்க் குழாய். டேங்கர் போன கடைசி நாள் வரைக்கும் இதுக்குத் தண்ணி விட்டிருக்காங்க. எங்க கிணத்து அடியிலருந்து உறிஞ்சி, டேங்கர்ல ஏத்தி, மேல கொண்டாந்து, இதுக்கு. தாய் கீழே காஞ்சு சாகும்போது, அதோட தண்ணியைக் குடிச்சுக்கிட்டு இது இங்க பழுத்து நின்னிருக்கு. அந்த வருஷத்துல நான் இழந்த தண்ணி மொத்தமும் எனக்கு முன்னாடி இலையா நின்னுச்சு.

கத்தியை எடுத்தேன். பதியம் போடறதுன்னா கிளையில ரெண்டு விரல் அகலத்துக்குச் சுத்தி வளையமாப் பட்டையை உரிச்சு எடுக்கணும். அந்த இடத்துல ஈர நாரை வச்சுக் கட்டினா வேர் விடும். அதே வளையத்தை அடிமரத்துல உரிச்சா மரம் செத்துரும். வேகமாச் சாகாது, எங்க மரம் மாதிரி, நுனியிலருந்து கீழே, ஒவ்வொரு கிளையா. கத்தி ஒண்ணுதான், வெட்டும் ஒண்ணுதான். நான் அடிமரத்துக்கிட்ட குனிஞ்சு உக்காந்திருந்தேன். கத்தி முனை பட்டையில இருந்துச்சு.

பின்னாடி ஷூ சத்தம். தலைவர். தஞ்சாவூர்க்காரருக்குக் கத்தியும் தெரியும், அடிமரமும் தெரியும். நின்னு பார்த்தார். தடுக்கல. “அது உங்க மரம்மா”ன்னார்.

“எனக்குத் தெரியும். நீங்க சொல்லித் தரணுமா?”ன்னு சீறினேன். கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு, அவர் முன்னாடி வந்ததேன்னு அதுக்கும் கோபம். எழுந்து, “ஒரு ஸ்டூல் கொண்டாங்க”ன்னேன். ஓடிப் போய்க் கொண்டாந்தார், ஆடாமப் பிடிச்சுக்கிட்டார். நல்ல கிளையாத் தேடினேன், ஒண்ணு விடல. ஒவ்வொண்ணுலயும் வளையம் உரிச்சு, கிணத்துத் தண்ணியில நனைச்ச நாரை வச்சு, பிளாஸ்டிக் சுத்திச் சணலால இறுக்கிக் கட்டினேன். கேட்டு வாங்கல, எடுத்துக்கிட்டேன். முடிச்சதும் மரம் முழுக்க மூட்டை மூட்டையாத் தொங்குச்சு.

“இது வேர் விடற வரைக்கும் காயக் கூடாது. நீங்கதான் பார்த்துக்கணும்”னேன். “தோட்டக்காரர் இல்ல, நீங்க.”

“பார்த்துக்கறேன்மா. உள்ள ஈரம் இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

ஸ்டூலைவிட்டு இறங்கினேன். கத்தியைத் துடைச்சு மடக்கிப் பையில போட்டேன்.

“பிளாஸ்டிக்குல துளித்துளியா வேர்த்திருக்கும் சார். அதைப் பார்த்துப் பயந்து, போய் அடைச்சிடாதீங்க.”